மகளுக்கு 11 வயது ஆகப்போகிறது: சடங்குக்கு முன் நாங்கள் அவளிடம் பேச வேண்டியது என்ன?

கேள்வி (பாளையங்கோட்டைத் தாய்)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் மகளுக்கு வருகிற ஜூன் மாதம் 11 வயது நிறைகிறது. சென்ற ஆண்டுவரை குடும்ப ஜெபத்திற்கு முதல் ஆளாக வேதாகமத்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவள், இப்போது வசனம் வாசிக்கச் சொன்னால் தம்பியைக் கைகாட்டிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடலிலும் மாற்றங்கள் தெரியத் தொடங்கியுள்ளன. என் தாயார் எனக்கு எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பள்ளியில் இருந்தபோது முதல் மாதவிடாய் வந்ததால், ஏதோ கொடிய நோய் வந்துவிட்டதென்று பயந்து கழிவறையிலேயே வெகுநேரம் அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பயம் என் மகளுக்கு வரக்கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். ஆனால் பேச்சை எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை.

இதற்கிடையில், அவள் வயதுக்கு வந்ததும் மண்டபம் பிடித்து, பத்திரிகை அடித்து, தாய்மாமன் சீரோடு சடங்கு வைக்க வேண்டும் என்று என் மாமியார் இப்போதே பேசுகிறார். நாங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையார். கணவரோ, "அது பெண்கள் காரியம்" என்று ஒதுங்கிக்கொள்கிறார். இந்தப் பருவத்தைக் கடந்து வந்த பெற்றோர் ஆலோசனை கூற வேண்டுகிறேன்.

பதில் 1 (ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, நாசரேத்)

சகோதரி, மார்பு வளர்ச்சி தொடங்கியபின் ஏறத்தாழ இரண்டு, இரண்டரை ஆண்டுகளில் முதல் மாதவிடாய் வருவது வழக்கம். சிலருக்கு அதற்கு முன்பே வந்துவிடும். ஆகவே நீங்கள் பேச வேண்டிய காலம் இதுதான். 8 வயதுக்கு முன்பே மாற்றங்கள் தொடங்கினாலோ, 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றபடி முன்பின்னாக வருவதைக் குறித்துக் கவலைப்பட வேண்டாம். முதல் ஓரிரு ஆண்டுகள் மாதக்கணக்கு ஒழுங்காக இராது என்பதையும் அவளிடம் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் ஒரு மாதம் தவறினாலும் தனக்கு ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வாள்.

அவளை எதிரே உட்காரவைத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முயலாதீர்கள். துணி மடிக்கும்போதும், கடைக்குப் போய்வரும் வழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசுங்கள். நாப்கினைப் பிரித்துக் காட்டி, உள்ளாடையில் எப்படிப் பொருத்துவது, பயன்படுத்தியதை எப்படித் தாளில் சுற்றிக் குப்பையில் போடுவது என்பதைச் செய்துகாட்டுங்கள். இரண்டை ஒரு சிறு துணிப்பையில் போட்டுப் பள்ளிப் பையில் வைத்துவிடுங்கள். பள்ளியில் திடீரென்று நேர்ந்தால் எந்த ஆசிரியையிடம் போவது என்பதையும் முன்னரே பேசி வையுங்கள்.

நாம் பயன்படுத்தும் சொற்களிலும் கவனம் வேண்டும். "தூரம்", "தீட்டு" என்ற சொற்களை நான் என் மகள்களுக்குக் கொடுக்கவில்லை. மாதவிடாய் என்றே சொன்னேன். அந்த நாட்களில் நற்கருணைக்குப் போகக்கூடாது என்று கிறிஸ்தவ வீடுகளிலும் சிலர் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். "நான் பிரமிக்கத்தக்க அதிசயமாய் உண்டாக்கப்பட்டபடியால்" என்று துதிக்கும் 139ஆம் சங்கீதத்தை ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, அதே உடலை வீட்டில் அசுத்தம் என்று சொன்னால், பிள்ளை எதை நம்புவாள்?

பதில் 2 (நாகர்கோவில் தகப்பன்)

நானும் "அது பெண்கள் காரியம்" என்று சொன்னவன்தான். மாற்கு 5ஆம் அதிகாரத்தை வேறு எதற்காகவோ வாசித்துக்கொண்டிருந்தபோதுதான் என் எண்ணம் மாறியது. ஜெப ஆலயத் தலைவனான யவீருவின் மகள் சாகக்கிடக்க, இயேசு அவன் வீட்டுக்குப் போகிறார். அவளுக்கு 12 வயது. வழியில் இயேசுவின் வஸ்திரத்தைத் தொட்ட ஸ்திரீயோ 12 வருஷம் உதிரப்போக்கினால் பாடுபட்டவள். அப்படிப்பட்டவள் தொட்டதைத் தீட்டாக எண்ணிய சமுதாயத்தின் நடுவே, ஆண்டவர் அவளை "மகளே" என்று அழைக்கிறார். பிறகு யவீருவின் வீட்டில் சந்தடி செய்த கூட்டத்தையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, தகப்பனையும் தாயையும் தம்மோடு வந்தவர்களையும் மாத்திரம் அழைத்துக்கொண்டு சிறுபெண் இருந்த இடத்துக்குப் போய், இறந்துபோயிருந்த அவளை எழுப்புகிறார். அங்கே தகப்பனும் நின்றான் என்பதை அன்றுவரை நான் கவனித்ததே இல்லை.

அதன்பின் நான் செய்தது பெரிதாக ஒன்றுமில்லை. கடையில் நாப்கின் வாங்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். வயிற்றுவலி என்று மகள் சொன்னால் அம்மாவிடம் போகச் சொல்லாமல் வெந்நீர் போட்டுக்கொடுத்தேன். அவள் தம்பிக்கும் விஷயத்தை மறைக்காமல் சொன்னோம். உங்கள் கணவரை இந்த அதிகாரத்தைக் குடும்ப ஜெபத்தில் வாசிக்கச் சொல்லுங்கள்; நீங்கள் விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

பதில் 3 (தூத்துக்குடி அத்தை)

சடங்கு என்றவுடன் எல்லாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. எனக்கு என் தாய்மாமன் கொண்டுவந்த சேலையை இன்றும் வைத்திருக்கிறேன். அன்று எங்கள் சபை ஐயர் (போதகர்) வீட்டுக்கு வந்து ஜெபித்தார், உறவினர் சாப்பிட்டுப் போனார்கள், எனக்கு அது மகிழ்ச்சியாகவே இருந்தது. ஆனால் அது 30 பேர் கூடிய விருந்து. இப்போது பிள்ளையின் படத்தைத் தெருமுனையில் பேனராகக் கட்டி, மேடையில் நிறுத்தி, மொய் எழுதும் வழக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. வகுப்புப் பையன்கள் அந்தப் பேனரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்குப் போவார்கள் என்பதை உங்கள் மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். மூத்தவர்கள் அந்தக் கோணத்தில் யோசித்திருக்க மாட்டார்கள். முடிவெடுக்குமுன் மகளிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஜன்னலைப் பார்ப்பதைக் குறித்தும் ஒன்று சொல்கிறேன். இயேசுவுக்கு 12 வயதானபோது தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, வினாவிக்கொண்டிருந்தார் என்று லூக்கா எழுதுகிறார். அவர் சொன்னதை அவருடைய தாய் தகப்பனே உணர்ந்துகொள்ளவில்லை என்றும் எழுதுகிறார். உங்கள் மகளுக்கு வாசிக்கும் வேலை சலித்துப்போயிருக்கலாம், கேள்வி கேட்கும் வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் மீண்டும்

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மாற்கு 5ஐக் கணவரே வாசித்தார். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. முடிந்ததும், "அந்தச் சிறுபெண்ணுக்கு இயேசு சாப்பாடு கொடுக்கச் சொன்னது ஏன்?" என்று மகள் கேட்டாள். "பசித்திருக்கும்" என்று அவர் சொன்னார். அதற்குமேல் அவருக்குப் பேச வரவில்லை. இன்று காலை நானும் அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது நாப்கினைப் பிரித்துக் காட்டினேன். வகுப்பில் ஒருத்திக்கு ஏற்கெனவே வந்துவிட்டதாம். பாதி விஷயம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதில் பாதி தவறாக. மாமியாரிடம் இன்னும் பேசவில்லை. அசனத்துக்கு (சபை விருந்துக்கு) ஊருக்குப் போகும்போது தாமே பேசுவதாகக் கணவர் சொல்லியிருக்கிறார்.