மத்தியானத்துக்குப் பிறகு ஓடினா மட்டும் நேரம் கூடுது! ஸ்லொட் கார் ராலி, கெதியா உதவி தேவை

மூண்டாம் ஸ்டேஜ் · செவ்வாய் இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். வாற ஞாயிறு எங்கட கிளப்பில, மட்டக்களப்பு கல்லடியில, ஸ்லொட் கார் ராலி தொடரின்ட ரெண்டாம் ரவுண்ட். ஸ்லொட் கார் என்டா டிராக்கில உள்ள பள்ளக் கோட்டில கொழுவி, பக்கத்துத் தண்டவாளத்தில கரண்ட் எடுத்து ஓடுற விளையாட்டுக் கார். மொத்தம் நாலு ரவுண்ட். முதலாம் ரவுண்டில பெரிய சண்டை. காலையில ஓடின ஆக்கள் 41, 42 செக்கன். சாப்பாட்டுக்குப் பிறகு ஓடின ஆக்கள் எல்லாரும் 45க்குக் கிட்ட, இல்லாட்டி அதுக்கு மேல. அதே கார், அதே டிராக். சீட்டுக் குலுக்கலில பின்னுக்கு வந்தவன் என்ன செஞ்சாலும் தோற்கிறான். மூண்டு பேர் இனி வரமாட்டம் என்டு நிக்கிறாங்க. டைமர் பிழையா? கெதியாச் சொல்லுங்க.

சோல்டர் மச்சான் · 9:20

தம்பி, என்ன டிராக்? அனலொக்கா (ஒரு லேனுக்கு ஒரு கார்) டிஜிட்டலா? எத்தனை மீட்டர்? பவர் எத்தனை இடத்தில குடுத்திருக்கு? டைமர் கடையில வாங்கினதா, கையால செஞ்சதா? "அதே கார்" என்டா ஒரே காரை எல்லாரும் ஓடினதா, ஒவ்வொருத்தரும் தங்கட காரா? இது ஒண்டும் சொல்லாமக் கேட்டா நான் என்ன, வெத்திலையில மை போட்டா பாக்கிறது?

வாவிக்கரை · 9:31

கரண்ட்தான், யோசிக்கத் தேவையில்ல. எங்கட பக்கம் பின்னேரமானா 230 வோல்ட் என்டது பேருக்குத்தான். அங்கால குறைஞ்சா இங்காலயும் குறையும், கார் ஊரும்.

பழைய லேன் · 9:48

முதல்ல அடிப்படையைச் சொல்லிப்போட்டு வாறன். ராலி என்டா ரெண்டு கார் பக்கத்தில பக்கத்தில ஓடிப் போட்டி போடுறது இல்ல. ஒரு கார் தனிய, மணிக்கூட்டோட ஓடும். அப்படி ஒரு ஓட்டம்தான் ஒரு ஸ்டேஜ். எல்லா ஸ்டேஜ் நேரத்தையும் கூட்டி ஆருக்குக் குறைவோ அவருக்கு முதலிடம். நுவரெலியா மகாகஸ்தோட்ட மலையேற்றம் 1934இல தொடங்கினது, அங்கயும் ஒவ்வொரு வண்டியாத்தான் விடுறது. கனபேர் இந்த வித்தியாசம் விளங்காம ராலி நடத்த வெளிக்கிடுறாங்க. ஸ்கேலெக்ஸ்ட்ரிக் என்ட ஸ்லொட் கார் செட் வந்தது 1957இல. அதைச் செஞ்ச பிரெட் பிரான்சிஸ் அதுக்கு முதல் சுருள்வில்லில ஓடுற தகரக் கார்தான் செஞ்சவர். சரித்திரம் தெரிஞ்சா இப்படியான கேள்வி வராது.

சோல்டர் மச்சான் · 9:55

அண்ணே, 1957இல என்ன நடந்தது என்டு தம்பி கேக்கல்ல. ஞாயிறு என்ன செய்யிறது என்டுதான் கேட்டவர்.

பழைய லேன் · 9:58

அவசரப்படுறவங்களுக்கு அப்படித்தான் தோணும்.

மூண்டாம் ஸ்டேஜ் · புதன் காலை 6:40

சொறி, ராத்திரி நித்திரையாப் போயிட்டன். ஸ்கேலெக்ஸ்ட்ரிக், அனலொக், 1/32 அளவுக் கார். ரெண்டு லேன் இரிக்கு, ராலிக்கு ஒண்டைத்தான் பாவிக்கிற. டைமர் எங்கட தம்பி ஒருத்தன் ஆர்டினோவில (சின்னக் கணினிப் பலகை) செஞ்சது. கார் அவரவர்ட சொந்தக் கார். பத்துப் பேர். வேலைக்குப் போறன், மறுகா வாறன்.

சோல்டர் மச்சான் · 7:05

எத்தனை மீட்டர் என்டும் சொல்லல்ல, பவர் எத்தனை இடத்தில என்டும் சொல்லல்ல. சரி, வரட்டும்.

அக்கரைப்பற்று காக்கா · 7:22

ஆர்டினோ என்டு சொன்னவுடனே பிடிபட்டுப் போச்சு. சென்சர் இன்ஃப்ராரெட் தானே? மத்தியானம் சரிஞ்சா மேற்குப் பக்க யன்னலால வெயில் நேரா விழும். வெயில்லயும் இன்ஃப்ராரெட் இரிக்கி. சென்சர் குழம்பிப் போகும். எங்கட வீட்டில எனக்கு இதே கரைச்சல் வந்த. கறுப்புக் கடதாசியைக் குழல் மாதிரிச் சுத்தி சென்சருக்குத் தொப்பி போட்டன், சரி வந்திட்டு.

சோல்டர் மச்சான் · 7:40

காக்கா, வெயில் விழுந்தா சென்சர் கண்டபடி எண்ணும், இல்லாட்டி எண்ணாம விடும். ஒரு சுற்று 3 செக்கன், அடுத்த சுற்று 16 செக்கன் என்டு காட்டும். இங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி மூண்டு நாலு செக்கன் கூடியிருக்கு. வெயில் இவ்வளவு நேர்மையா எல்லாருக்கும் பங்கு பிரிச்சுக் குடுக்காது.

அக்கரைப்பற்று காக்கா · 7:44

அதுவும் ஞாயம்தான். ஆனாலும் தொப்பியைப் போட்டு வைங்க, நட்டம் இல்ல.

கல்முனை மார்ஷல் · 8:15

ஒருத்தரும் மனிசரைப் பாக்கல்ல. ராலியில கார் டிராக்கை விட்டுப் பாய்ஞ்சா மணிக்கூடு நிக்காது. மார்ஷல் எடுத்துத் திரும்ப வைக்கும் வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். காலையில மார்ஷல்மார் துடிதுடியா நிப்பாங்க. சாப்பிட்டாப் பிறகு? கதிரையில சாய்ஞ்சு போனைப் பாத்துக்கொண்டிருப்பாங்க. ஒரு தரம் கார் பாய்ஞ்சா மூண்டு செக்கன் போச்சு. மத்தியானம் என்ன சாப்பாடு குடுத்தீங்க?

மூண்டாம் ஸ்டேஜ் · 12:35

கோழிப் புரியாணி

கல்முனை மார்ஷல் · 12:37

வழக்கு முடிஞ்சிது.

காரைதீவு அக்கா · 1:10

புரியாணியை ஒரு பக்கம் வைங்க. தம்பி, மூண்டு விசயம் சொல்லுங்க. மத்தியானம் ஓடினதில ஒருக்காலும் பாயாம ஓடி முடிச்சவங்க இருக்காங்களா, அவங்கட நேரம் என்ன? நேரம் போறது நேர்ப் பாதையிலயா, வளைவிலயா? காருக்கு அடியில தண்டவாளத்தைப் பிடிக்கிற மக்னட் இருக்கா, கழட்டியாச்சா?

ஏன் கேக்கிறன் என்டா, நேர்ப் பாதையில ஊர்ந்தா அது கரண்ட் பக்கத்துப் பிரச்சினை. வளைவில பின்பக்கம் அள்ளிக்கொண்டு போனா அது பிடிப்புப் பிரச்சினை. ரெண்டுக்கும் மருந்து வேற வேற.

மூண்டாம் ஸ்டேஜ் · இரவு 8:50

அக்கா, பாயாம முடிச்சது ரெண்டு பேர். 44.8, 45.3. வளைவிலதான் கூட, சோப்புல வழுக்குற மாதிரி என்டு பொடியன்மார் சொன்னவங்க. மக்னட் கழட்டியாச்சு, ராலி தானே. நீளம் 16 மீட்டர், ஒரு ஸ்டேஜுக்கு 5 சுற்று. பவர் ஒரு இடத்திலதான். மல்டிமீட்டர் வச்சுப் பாத்தன்: கார் ஓடக்குள்ள பவர் குடுக்கிற இடத்தில 11.9, தூரத்து மூலையில 10.6.

சோல்டர் மச்சான் · 9:02

இந்தா, இப்பதான் மருந்து எழுதலாம். 1.3 வோல்ட் வழியில தொலையுது. துண்டுக்குத் துண்டு பொருத்துற இடம் ஒவ்வொண்டும் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னும். அந்த தண்டவாளம் இரும்பு, கல்லடியில கடற்காத்து, கேக்கவே வேணாம். தூரத்து மூலைக்குத் தனியா ரெண்டு வயர் இழுத்து டிராக்குக்கு அடியால சோல்டர் பண்ணுங்க. பொருத்துற நாக்குகளை குறடால லேசா நெரிச்சு இறுக்குங்க. ஆனா ஒண்டு சொல்லணும்: இது காலையிலயும் இருந்திருக்கும். காலைக்கும் பின்னேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இதால வராது.

வாவிக்கரை · 9:06

நான் சொன்ன 230?

சோல்டர் மச்சான் · 9:09

பவர் குடுக்கிற இடத்தில 11.9 நிக்குது, அதுவும் ராத்திரி நேரம். அடப்டர் தன்ட வேலையைச் செய்யுது. உங்கட கரண்ட் சாட்டு இதோட சரி.

பழைய லேன் · 9:30

மக்னட்டைக் கழட்டினது மட்டும்தான் இந்த இழையில நான் கண்ட ஒரே நல்ல விசயம். மக்னட் போட்ட கார் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிச்சுக்கொண்டு ஓடும். அதை ஓட்டம் என்டு சொல்ல ஏலாது. பின்பக்கம் அள்ளணும், அதைக் கைவிரலால திருத்தணும். மக்னட் சின்னப் புள்ளைகளுக்கு.

அக்கரைப்பற்று காக்கா · 9:41

சின்னப் புள்ளைகளும் இரிக்காங்கதானே அண்ணன்? என்ட மகனுக்கு எட்டு வயசு. மக்னட் இல்லாட்டி வளைவுக்கு வளைவு பாயும், ரெண்டு சுற்றில அழுதுபோட்டு எழும்பிடுவான். பத்துப் பேர் கிளப்பில மூண்டு பேரை விரட்டிப்போட்டு சுத்தமான ராலி நடத்தி ஆருக்குக் காட்டுற? மக்னட்டோட ஒரு பிரிவு, மக்னட் இல்லாம ஒரு பிரிவு வைங்க.

பழைய லேன் · 9:50

பத்துப் பேருக்கு ரெண்டு பிரிவு. கிண்ணம் எத்தனை, இருபதா?

கல்முனை மார்ஷல் · 9:52

கிண்ணம் வாங்கித் தாற ஆள் இருந்தா எனக்கு இருபதும் சரிதான்.

பழைய லேன் · 10:15

இன்னொண்டு. பின்னுக்கு ஓடினவனுக்கு அநியாயம் என்டு அழுறதும் ராலி தெரியாத கதை. உலக ராலி சம்பியன்சிப்பில சரளைக்கல் ரோட்டில முன்னுக்குப் போறவருக்குத்தான் கஷ்டம். மேல கிடக்கிற உதிரிக் கல்லை அவர்தான் கூட்டித் தள்ளிக்கொண்டு போகணும். பின்னுக்கு வாறவருக்குத் துப்பரவான பாதை. அதுவும் தொடரில முன்னுக்கு நிக்கிறவரைத்தான் முதல் நாள் முதல்ல விடுறது. ரோட் மாறும். அதுதான் ராலி.

காரைதீவு அக்கா · 10:24

அண்ணன், நீங்க சொல்றது சரி. ஆனா அங்க முன்னுக்கு வந்தவருக்குத்தான் அந்தச் சுமை. அதில ஒரு நீதி இருக்கு. இங்க சீட்டுக் குலுக்கலில பின்னுக்கு விழுந்தவன் என்ன குற்றம் செஞ்சான்?

தம்பி, நான் திரும்பவும் கேக்கிறன். பிடிப்புத்தான் போகுது என்டா டிராக்கில என்னவோ விழுது. சாப்பாட்டுக்குப் பிறகு அந்த ஹோல்ல வேற என்ன நடக்குது? காலையில இல்லாத ஏதும்?

மூண்டாம் ஸ்டேஜ் · 10:31

ஒண்டும் இல்ல அக்கா. மற்றப் பக்கம் கரம் போர்ட் ஆடுவாங்க, அவ்வளவுதான்.

சோல்டர் மச்சான் · 10:32

என்னது

கல்முனை மார்ஷல் · 10:32

என்னகா இது

காரைதீவு அக்கா · 10:36

மனே, இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா? டிராக் நிலத்திலயா, மேசையிலயா? கரம் போர்ட் எத்தனை அடி தள்ளி? மேல ஃபேன் சுத்துதா?

மூண்டாம் ஸ்டேஜ் · 10:41

நிலத்தில. ஒரு ஆறு அடி இருக்கும். ரெண்டு போர்ட். ஃபேன் சுத்தும், இல்லாட்டி இருக்க ஏலாது அக்கா. அவங்க ரெண்டு மணிக்குப் பிறகுதான் வருவாங்க, அதுக்கும் ராலிக்கும் என்ன?

காரைதீவு அக்கா · 10:58

போர்ட்டில காய் வழுக்கிப் போறதுக்குத்தானே பவுடர் தூவுற. ஆட்டம் முடிய கையால தட்டி நிலத்தில விடுவாங்க. ஃபேன் அதைத் தூக்கி ஹோல் முழுக்கப் பரப்பும். காய்க்கு வழுக்கிறது டயருக்கும் வழுக்கும். மக்னட் இருந்திருந்தா கவ்விப் பிடிச்சு ஒருமாதிரித் தப்பியிருக்கும், ஆருக்கும் தெரியவும் வந்திராது. மக்னட்டைக் கழட்டினதாலதான் முழுக்க வெளியில வந்திருக்கு.

கார் ஒண்டைப் புரட்டி, கைட்டுக்கு (பள்ளத்தில கொழுவுற நாக்கு) அடியில இருக்கிற, கரண்ட் எடுக்கிற செம்புப் பின்னலைப் பாருங்க. வெள்ளையா மா மாதிரிப் படிஞ்சிருந்தா அதுதான். அந்தப் பவுடர் கரண்ட்டையும் கடத்தாது.

நாளைக்கே ஒரு சோதனை செய்ங்க. பின்னேரம், கரம் நடக்கக்குள்ள, ஒரே காரை ஒரே ஆள் 5 சுற்று. பிறகு தண்டவாளமும் டிராக்கும் நனைச்சுப் பிழிஞ்ச பழைய பனியனால துடைச்சு, காய விட்டு, டயரை செலோடேப்பின்ட ஒட்டுற பக்கத்தில நாலு தரம் உருட்டி எடுத்து, திரும்ப 5 சுற்று.

வாவிக்கரை · 11:05

டபிள்யூடி-40 அடிச்சா தண்டவாளம் பளபளக்கும், துருவும் பிடியாது.

சோல்டர் மச்சான் · 11:07

வேணாம். அந்த எண்ணெய் டயருக்குப் போனா பவுடரை விட மோசம். கட்டாயம் என்டா துணியில துளியூண்டு தொட்டு தண்டவாளத்தில மட்டும் இழுத்து, காஞ்ச துணியால திரும்ப ரெண்டு தரம் இழுக்கணும். ராலிக்கு முதல் நாள் அந்த விளையாட்டு வேணாம்.

காரைதீவு அக்கா · வியாழன் காலை 6:15

ஞாயிறு நடத்துறதுக்கும் ஒரு யோசனை. முதலாம் ஸ்டேஜ் ஒண்டு தொட்டுப் பத்து வரைக்கும் ஓடினா, ரெண்டாம் ஸ்டேஜ் பத்தில இருந்து ஒண்டுக்கு வரட்டும். மூண்டாவதை ஆறாம் ஆளில இருந்து தொடங்குங்க. கிளப்புக்கென்டு ஒரு கார் வச்சு, போட்டியில இல்லாத ஒரே ஆள் அஞ்சு பேருக்கு ஒருக்கா ஓடிப் பாக்கட்டும். அந்தக் கார்ட நேரம் அரைச் செக்கனுக்கு மேல கூடினா டிராக்கைத் துடைக்கிற. அப்ப ஆரும் ஆரையும் குறை சொல்ல ஏலாது. முதலாம் ரவுண்டை இனித் திருத்த ஏலாது. நாலில மோசமான ஒரு ரவுண்டைக் கழிச்சு மூண்டைக் கூட்டுறது என்டு விதி வச்சா அந்த மூண்டு பேரும் திரும்பி வருவாங்க.

பழைய லேன் · 8:20

கழிக்கிற விதி எனக்குப் பிடிக்காது. ராலி என்டா ஓடினது ஓடினதுதான்.

அக்கரைப்பற்று காக்கா · 8:33

உங்களுக்கு என்னதான் அண்ணன் பிடிக்கும்?

கல்முனை மார்ஷல் · சனி மாலை 5:10

தம்பியைக் காணல்ல. சோதனை செஞ்சதா?

சோல்டர் மச்சான் · ஞாயிறு இரவு 10:02

ராலி முடிஞ்சிருக்கும். ஒரு சொல் சொல்லிப்போட்டுப் போகலாம்.

மூண்டாம் ஸ்டேஜ் · செவ்வாய் இரவு 9:40

சொறி சொறி. பவுடர்தான். பின்னல் வெள்ளை வெளேர். துடைக்க முதல் 45.1, துடைச்சாப் பிறகு 42.0. சோல்டர் அண்ணன் சொன்ன வயரும் இழுத்தன், 41.2. ஞாயிறு கரம் ஆக்களை விறாந்தைக்கு அனுப்பினம், காத்துக்குப் பவுடர் நிக்குதில்ல என்டு இப்ப அவங்க கோபம். ரெண்டு பேர் திரும்பி வந்திட்டாங்க. அக்காவுக்குப் பெரிய நன்றி.

பழைய லேன் · 9:52

டிராக் சுத்தம் முக்கியம் என்டு நான் முதல்லயே சொல்லியிருந்தன்.

சோல்டர் மச்சான் · 9:53

எந்த வருசம், 1957இலயா?

வாவிக்கரை · 10:20

தம்பி, அந்தப் பாவிக்காத ரெண்டாம் லேனுக்குக் கொன்ட்ரோலர் மிச்சம் கிடக்கா? விக்கிறதெண்டா சொல்லுங்க.