வெயிலில் நின்றபின் ஸ்டார்ட் ஆகாத 1993 சிவிக் ஈஜி6: பம்பா, டிஸ்ரிபியூற்றரா, வேறு ஏதுமா?

கேள்வி: கனகபுரத்தான், கிளிநொச்சி

அனைவருக்கும் வணக்கம். 1993ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக் ஈஜி6 ஒன்றை வீட்டு வளவிலுள்ள தகரக் கொட்டிலில் வைத்து, பாடசாலை இல்லாத சனி, ஞாயிறு தினங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தி வருகிறேன். பின்சக்கர வளைவுகளில் இருந்த துருவை வெட்டி எடுத்துப் புதுத் தகடு ஒட்டியாயிற்று. பிரேக், சஸ்பென்ஷன் புஷ்கள், ரேடியேற்றர் எல்லாம் முடிந்துவிட்டன. எஞ்சின் அதனுடன் பிறந்த பி16ஏதான். 1,595 சீசீ மட்டுமே கொண்ட, டேர்போ எதுவும் இல்லாத இந்த எஞ்சின் நிமிடத்துக்கு 7,800 சுழற்சியில் 170 குதிரைவலு தருகிறது. சுழற்சி ஐயாயிரத்து ஐந்நூறை நெருங்கும்போது வீடெக் (வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் அமைப்பு) மாறி, சத்தமே வேறாகும் அந்தக் கணத்துக்காகத்தான் இந்த வேலை முழுவதையும் செய்கிறேன் என்று சொன்னாலும் தவறில்லை.

இப்போது ஒரே ஒரு கோளாறு என்னை வாட்டுகிறது. காலையில் திறப்பைத் திருப்பியவுடன் கார் ஸ்டார்ட் ஆகிறது. ஏ9 வீதியில் முறிகண்டி வரை போய், பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்து திறப்பைத் திருப்பினால், ஸ்ராட்டர் பலமாகச் சுற்றுகிறது. ஆனால் எஞ்சின் பிடிப்பதே இல்லை. கதவுகளைத் திறந்துவிட்டு நிழலில் அரை மணித்தியாலம் அளவில் காத்திருந்தால், எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகிவிடுகிறது. மழை நாட்களிலும் இரவிலும் இந்தத் தொல்லை வருவதில்லை. சோளகம் வீசும் இந்த மாதங்களில் பகலில் நிறுத்தினால் அநேகமாக வருகிறது. வெப்பமானி முள் ஒருபோதும் நடுவைத் தாண்டியதில்லை. பற்றரி, பிளக்குகள், பெற்றோல் வடிகட்டி மூன்றும் புதியவை.

ஒரு கராஜில் பெற்றோல் பம்பை மாற்றச் சொன்னார்கள், இன்னொன்றில் டிஸ்ரிபியூற்றரை (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பகிரும் பாகம்) முழுதாக மாற்றச் சொன்னார்கள். இரண்டையும் கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில்தான் தேட வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட நாளிலிருந்து ஏறிய பழைய பாகங்களின் விலை உங்களுக்குத் தெரியும். காசைக் கொட்டுவதற்கு முன், எது பழுது என்று வீட்டிலேயே உறுதிப்படுத்த ஒரு வழி வேண்டும். டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றியபோது உள்ளே மெல்லிய சிவப்புத் தூள் படிந்திருந்ததையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒழுங்கை கிரவல் ஒழுங்கை என்பதால் அதை வீதிப் புழுதி என்று எடுத்துக்கொண்டேன்.

பதில்: முள்ளியவளை வாசன்

அண்ணா, இது பெற்றோல் குழாயில் ஆவி அடைப்பது போலத்தான் தெரிகிறது. எங்கள் அப்பாவின் மொரிஸ் மைனரிலும் கோடைகாலத்தில் இதே தொல்லை வந்தது. பம்பின் மேல் ஈரத்துணி போட்டால் சரியாகிவிடும். குழாயைச் சுற்றி வெப்பம் தாங்கும் உறை போட்டுப் பாருங்கள்.

பதில்: ஓமந்தை பழைய பட்டறை

தம்பி வாசன் சொல்வது கார்புரேற்றர் கார்களுக்கு முற்றிலும் உண்மை. அவற்றில் பம்பு அநேகமாக எஞ்சினோடு அல்லது அதற்கு அருகே பொருந்தியிருந்து, பெற்றோலைத் தாங்கியிலிருந்து உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் சூட்டில் பெற்றோல் எளிதில் ஆவியாகும். ஈஜி6இல் பம்பு தாங்கிக்குள்ளேயே மூழ்கியிருந்து, ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் பெற்றோலைத் தள்ளுகிறது. மிஞ்சிய பெற்றோல் இன்னொரு குழாய் வழியாகத் தாங்கிக்குத் திரும்புகிறது. அந்த அழுத்தத்தில், ஓடிக்கொண்டே இருக்கும் பெற்றோல் ஆவியாகி அடைப்பது அரிது. அப்படி ஓரளவு நடந்தாலும், சில வினாடிகள் அதிகம் சுற்றியதும் எஞ்சின் தள்ளாடியாவது பிடிக்கும். அரை மணித்தியாலம் அசையாமல் நிற்காது.

கனகபுரத்துத் தம்பிக்கு நான் சொல்வது இதுதான். கார் ஸ்டார்ட் ஆக மறுக்கும் அந்த நேரத்தைத் தவறவிடக் கூடாது. ஆறிய பிறகு எந்தப் பாகத்தைச் சோதித்தாலும் அது நல்லதாகவே தெரியும். இரண்டு கராஜ்கள் இரண்டு விதமாகச் சொன்னதற்கும் காரணம் அதுதான். வெயிலில் நிறுத்திக் கோளாறை வேண்டுமென்றே வரவழையுங்கள்.

வந்ததும் ஸ்ராட்டரைச் சுற்றாமல் திறப்பை ‘ஓன்’ நிலைக்கு மட்டும் திருப்பி, எஞ்சின் எச்சரிக்கை விளக்கைப் பாருங்கள். நல்ல நிலையில் அது எரிந்து, சுமார் 2 வினாடிகளில் அணையும். அதே 2 வினாடிகளுக்குப் பின்பக்கத்திலிருந்து பம்பின் மெல்லிய உறுமல் கேட்க வேண்டும். காற்று இரைச்சலாக இருந்தால் ஒருவரைப் பின்னால் தாங்கி மூடியருகே காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். பிறகு ஒரு பழைய பிளக்கை வயரில் மாட்டி, அதன் உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்து, இன்ஜெக்ரர் (பெற்றோலைப் பீய்ச்சும் முனை) இணைப்புகளைக் கழற்றிவிட்டு, ஸ்ராட்டரைச் சுற்றிப் பொறி வருகிறதா என்று பாருங்கள். பிளக்கைக் கையால் பிடிக்க வேண்டாம். பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் இந்தக் கொயிலின் அடி சாதாரண அடி அல்ல.

விளக்கு அணைந்து, பம்பு உறுமி, பொறி மட்டும் இல்லையென்றால் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் இக்னைற்றரோ (கொயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துப் பொறியை உண்டாக்கும் பாகம்) கொயிலோ சூட்டில் கைவிடுகிறது. பொறி இருந்து, பம்பு பேசாமல் இருந்தால் பம்பையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் வழியையும் பார்க்க வேண்டும். விளக்கு அணையாமலே நின்றால் எஞ்சின் கணினிக்குச் சரியாக மின்சாரம் போகாமல் இருக்கலாம். பதிவான பழுதுக் குறியீடு உண்டா என்றும் பாருங்கள்: பயணி பக்கத்தில், டாஷ்போட்டுக்குக் கீழே இரண்டு முனை கொண்ட நீல நிற இணைப்பி ஒன்று தொங்கும். அதன் இரு முனைகளையும் ஒரு துண்டு வயரால் இணைத்துத் திறப்பை ‘ஓன்’ செய்தால் அந்த விளக்கே சிமிட்டிக் குறியீட்டைச் சொல்லும். 15 என்றால் இக்னிஷன் வெளியீட்டில் பழுது. 4, 8, 9 என்றால் டிஸ்ரிபியூற்றருக்குள் இருக்கும் உணரிகள்.

கேள்வியாளர்: கனகபுரத்தான்

மிக்க நன்றி ஐயா. சொன்னபடியே உச்சி வெயிலில் நிறுத்தி, கண்ணாடிகளை மூடி வைத்தேன். முகப்புப் பலகையில் கை வைக்க முடியாத சூடு ஏறியது. திறப்பைத் திருப்பியதும் விளக்கு எரிந்து அணைந்தது. தாங்கியருகே காது வைத்திருந்த மகனுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஸ்ராட்டரைச் சுற்றியபோது பிளக்கில் நல்ல நீலப் பொறி அடித்தது. பம்புக்குப் போகும் வயர் இணைப்பில் மல்ரிமீற்றரை வைத்து மீண்டும் திறப்பைத் திருப்பினேன்; அந்த 2 வினாடிகளில் 12 வோல்ற் வர வேண்டிய இடத்தில் எதுவுமே வரவில்லை. ஆறிய பிறகு அதே இடத்தில் முழு வோல்ற்றும் வந்தது, பம்பும் உறுமியது. குறியீடு எதுவும் பதிவாகவில்லை. அப்படியானால் பம்பு நல்லதுதானே?

பதில்: மாங்குளம் மின்னியல்

பம்பு நல்லது, வாங்கவே வேண்டாம். அதற்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ரிலேதான் (மின்சாரத்தால் இயங்கும் சுவிற்ச்) கைவிடுகிறது. அக்காலத்து ஹொண்டாக்களில் உலகெங்கும் அறியப்பட்ட கோளாறு இது. எங்கள் பக்கத்து வெயிலில் அது இன்னும் பளிச்சென்று தெரிகிறது, அவ்வளவுதான்.

டாஷ்போட்டுக்குக் கீழே பொருத்தப்பட்டிருக்கும் அந்தச் சிறிய பெட்டிக்குள் இரண்டு ரிலேக்கள் இருக்கின்றன. ஒன்று எஞ்சின் கணினிக்கும் இன்ஜெக்ரர்களுக்கும் மின்சாரம் கொடுக்கிறது. உங்கள் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைவதால் அந்தப் பாதி வேலை செய்கிறது. மற்றது, கணினி ஆணையிடும்போது மட்டும் பம்புக்கு மின்சாரம் கொடுக்கிறது. உங்களுடையதில் பழுது அந்தப் பாதியில்தான். ரிலேயின் தடித்த உலோகக் கால்களும் அவை செருகப்பட்டிருக்கும் பலகையும் சூட்டில் ஒரே அளவாக விரிவதில்லை. சூடாகி ஆறும் ஒவ்வொரு தடவையும் இடையிலுள்ள ஈயம் இழுபடுகிறது. முப்பது வருட வெயிலுக்கும் குலுக்கலுக்கும் பிறகு, காலைச் சுற்றி மயிரிழை போன்ற வட்ட வெடிப்பு விழுகிறது. குளிரில் அந்த வெடிப்பின் இரு ஓரங்களும் தொட்டுக்கொள்ளும்; சூட்டில் விலகும். எஞ்சின் சூட்டைவிடக் காருக்குள்ளே தேங்கும் சூடுதான் இதற்குக் காரணம் என்பதால்தான் கதவுகளைத் திறந்துவிட்டால் கார் உயிர் பெறுகிறது.

பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டு ரிலேயை வெளியே எடுங்கள். பிளாஸ்ரிக் உறையின் ஓரங்களிலுள்ள கொக்கிகளை மெல்லிய தட்டைத் திருப்புளியால் நெம்பினால் பலகை வழுக்கி வரும். அவசரப்பட்டால் பழைய பிளாஸ்ரிக் உடையும். பலகையின் அடிப்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பளபளப்பான ஈயக் குன்றுகளுக்கு நடுவே, சாம்பல் நிறமாக மங்கி, காலைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் கோடு விழுந்தவைதான் வெடித்தவை. அவற்றின் மேல் புது ஈயத்தைத் தடவிவிடுவது போதாது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, காலைச் சுத்தம் செய்து, ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) பூசி, 60/40 (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்) ஈயத்தால் மீண்டும் சோல்டர் செய்யுங்கள். தடித்த கால்கள் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்பதால் சிறிய சோல்டரிங் அயன் காணாது. 40 முதல் 60 வாற் வரை வேண்டும். வெடிப்புத் தெரியாத கால்களையும் அதே கையோடு செய்துவிடுங்கள்.

சோல்டர் செய்து பழக்கம் இல்லையென்றால் முதலில் உடைந்த வானொலிப் பலகை ஒன்றில் பழகுங்கள். அறிவியல்நகரிலுள்ள இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் படித்த பிள்ளைகள் உங்கள் அயலில் யாராவது இருந்தால் அவர்களிடமும் கேட்கலாம்.

பதில்: முள்ளியவளை வாசன்

விளக்கத்துக்கு நன்றி. ஆனால் ரிலேயைத் திறந்து சிரமப்படாமல், பற்றரியிலிருந்து பியூஸ் போட்டு ஒரு வயரை இழுத்து, ஒரு சுவிற்ச் வைத்துப் பம்பை நேரடியாக ஓடவிட்டால் என்ன? எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படித்தான் ஓடுகிறார்.

பதில்: ஓமந்தை பழைய பட்டறை

தம்பி, அதை மட்டும் செய்ய வேண்டாம், செய்தவரிடமும் சொல்லிக் கழற்ற வையுங்கள். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னியில் பெற்றோலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இல்லாததை இருப்பதைக் கொண்டு சமாளிப்பதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் இங்கே பம்பைக் கணினியின் கையில் கொடுத்திருப்பதற்கு உயிர் சார்ந்த காரணம் உண்டு. எஞ்சின் சுற்றவில்லை என்றால் கணினி பம்பை நிறுத்திவிடும். விபத்தில் குழாய் அறுந்து எஞ்சின் நின்றாலும், நீங்கள் சொல்லும் சுவிற்ச் பெற்றோலை 3 பார் அழுத்தத்தில் சூடான எஞ்சின் மேல் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். காருக்குள் மயங்கிக் கிடப்பவரால் அதை அணைக்க முடியாது. சோதனைக்காகச் சில வினாடிகள் நேரடி மின்சாரம் கொடுப்பது வேறு, அப்படியே வைத்து ஓடுவது வேறு.

கேள்வியாளர்: கனகபுரத்தான்

ரிலேயைக் கழற்றிப் பார்த்தேன். மாங்குளத்து நண்பர் சொன்ன மோதிரக் கோடு இரண்டு கால்களில் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. நகத்தால் மெல்லத் தள்ளியபோது கால் ஈயத்துக்குள் அசைவதையும் பார்த்தேன். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்து, எல்லாக் கால்களையும் சோல்டர் செய்து, மூடுவதற்கு முன் காரில் மாட்டி, முடி உலர்த்தியால் பலகையின் மேல் சூடான காற்றை அடித்துக்கொண்டே திறப்பைத் திருப்பினேன். ஒவ்வொரு முறையும் பம்பு உறுமியது. பிறகு மாங்குளம் வரை போய் நடுப்பகலில் வெயிலில் நிறுத்தி, வழமையாக மறுக்கும் நேரம் கடந்த பின் திறப்பைத் திருப்பினேன். ஒரே சுற்றில் பிடித்தது. செலவு ஈயமும் ஃபிளக்ஸும் மட்டுமே. இருவருக்கும் என் மனமார்ந்த நன்றி.

சிவப்புத் தூள் பற்றியும், எந்தப் பெற்றோல் அடிப்பது நல்லது என்றும் ஒரு சொல் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்: ஓமந்தை பழைய பட்டறை

நல்ல செய்தி தம்பி. சிவப்புத் தூளை இலேசாக விட வேண்டாம். அந்த மூடி ரப்பர் வளையத்துடன் இறுகப் பொருந்துவது; கிரவல் புழுதி அவ்வளவு எளிதில் உள்ளே போகாது. ஹொண்டா டிஸ்ரிபியூற்றர்களில் உள்ளிருக்கும் பெயாரிங் காய்ந்து தேயும்போது இதே நிறத்தில் துருத்தூள் கொட்டும். மூடியையும் ரோட்டரையும் கழற்றி, அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள்; ஆட்டம் இருந்தாலோ, டிஸ்ரிபியூற்றரை வெளியே எடுத்துக் கையால் சுற்றும்போது மணல் அரைவதுபோல் உணர்ந்தாலோ, பெயாரிங் போய்விட்டது. அது இறுகினால் நடு வீதியில் எஞ்சின் நின்றுவிடும். பெயாரிங்கை மட்டும் அழுத்தி மாற்றலாம், முழு டிஸ்ரிபியூற்றர் வேண்டாம். வெளியே எடுக்கும் முன் அது எஞ்சினில் அமர்ந்திருக்கும் நிலையை இரு பக்கமும் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிய பின் ரைமிங் விளக்கு (பொறி அடிக்கும் நேரத்தைக் காட்டும் விளக்கு) வைத்துச் சரிபார்ப்பது கட்டாயம்.

பெற்றோல், ஒக்டேன் 95 மட்டும். அமுக்க விகிதம் 10.4 உள்ள எஞ்சின் அது. 92 அடித்து உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோனால் நொக்கிங் (பெற்றோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) வந்து பிஸ்ரனைத் தின்னும். புது ரேடியேற்றருக்குள் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் சவர் அதிகம், கேற்றிலில் படியும் வெள்ளைப் படிவு எஞ்சினின் நீர்வழிகளிலும் படியும். உப்புகள் நீக்கிய (டீஅயனைஸ்ட்) தண்ணீரில் கூலன்ற் கலந்து ஊற்றுங்கள். பெயாரிங்கின் இலக்கம் அதன் ஓரத்தில் பொறித்திருக்கும். கழற்றியதும் அதை இங்கே எழுதுங்கள், வவுனியாவில் எடுக்க முடியுமா என்று விசாரித்துச் சொல்கிறேன்.