கேட் தேர்வில் ஆங்கிலப் பிரிவு மட்டும் கீழே இழுத்துவிட்டது: வரும் நவம்பருக்குள் எப்படிச் சரிசெய்வது?

நாகலூர்ப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். ஐஐஎம் என்ற மேலாண்மைக் கல்வி நிறுவனங்களில் சேர்வதற்கான கேட் தேர்வைச் சென்ற நவம்பரில் எழுதினேன். மொத்தத்தில் 86 பெர்சென்டைல் வந்திருக்கிறது, அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு 86 பேரை முந்தியிருக்கிறேன். கணக்கில் 90, தரவு-தர்க்கப் பிரிவில் 81, ஆங்கிலத்தில் 56. எனக்குத் திருச்சி ஐஐஎம்மில் சேர வேண்டும். மொத்தம் உயர்ந்தாலும் ஆங்கிலத்தில் இந்த 56 இருக்கும்வரை நேர்முகத்துக்கு அழைப்பே வராது என்று எனக்கே தெரிகிறது.

வீடு ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தேன், பிறகு பி.காம். இப்போது சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை. காலையில் பஸ்ஸில் இறங்கி இரவு எட்டு மணிவாக்கில் வீடு திரும்புகிறேன். பஸ்ஸில் படிக்கலாமே என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் புத்தகத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அலுவலகத்தில் மாதந்தோறும் 11, 20 தேதிகளை ஒட்டி ஜிஎஸ்டி தாக்கல் இருக்கும். ஜூலை, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மூச்சுவிட நேரம் இருக்காது. நவம்பரில் அப்பாவின் சிறிய தோட்டத்தில் காபிப் பழம் பறிக்க ஆரம்பித்துவிடுவோம், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போக வேண்டும்.

ஆங்கில வார்த்தைப் பட்டியல் மனப்பாடம் செய்தால் பயன் இருக்குமா? வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் படிக்க வேண்டுமா? இதே நிலையில் இருந்து மேலே வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்து ரோடு

சகோதரி, வேலையை விட்டுவிடுங்கள். ஒரு வருடம்தானே. நல்ல பயிற்சி மையத்தில் சேர்ந்து தினமும் ஐம்பது வார்த்தை படித்தால் ஆங்கிலம் தானாக வந்துவிடும். இரண்டு படகில் கால் வைத்தால் எதுவும் நடக்காது.

தறிவீடு

தங்கைக்கு, நான் அம்மாப்பேட்டைக்காரி. நானும் தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலப் பிரிவில் தடுக்கிப் பிறகு மேலே வந்து, நீ கேட்கும் அதே திருச்சி ஐஐஎம்மில் முடித்துவிட்டு இப்போது பெங்களூரில் வேலை செய்கிறேன். ஐந்து ரோடு அண்ணன் நல்ல மனதோடு சொல்கிறார். ஆனால் அவர் சொன்ன இரண்டுமே உனக்குப் பொருந்தாது.

முதலில் வார்த்தைப் பட்டியல். அந்தப் பிரிவில் 24 கேள்விகள், 40 நிமிடம். அவற்றில் 16 கேள்விகள் நான்கு நீண்ட வாசிப்புப் பகுதிகளிலிருந்து வருகின்றன. மீதி எட்டும் பத்திச் சுருக்கம், வாக்கியங்களை வரிசைப்படுத்துதல் போன்றவை. ஒரு வார்த்தைக்கு நேரடியாகப் பொருள் கேட்கும் கேள்வி அங்கே கிடையாது. அந்த உழைப்பை வேறு இடத்தில் போடு.

இரண்டாவது வேலை. நேர்முகத் தேர்வில் உட்காரும்போது ஆடிட்டர் அலுவலக அனுபவம் உனக்குப் பெரிய பலம். ஜிஎஸ்டி பற்றிக் கேட்டால் சொந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்லும் பெண்ணை யாருக்குப் பிடிக்காது? வீட்டில் பண நெருக்கடி வந்தால் படிப்பும் நிம்மதியாக ஓடாது. விடாதே.

இப்போது எனக்கு ஒன்று வேண்டும். முடிவு வருவதற்கு முன்பே உன் விடைத்தாளையும் சரியான விடைகளையும் தளத்தில் கொடுத்திருப்பார்கள். இறக்கி வைத்திருந்தால் ஆங்கிலப் பிரிவை மட்டும் எடுத்து எத்தனை தொட்டாய், எத்தனை சரி, எத்தனை தவறு என்று எண்ணிச் சொல். பெர்சென்டைலை வைத்து யாரும் உனக்கு யோசனை சொல்ல முடியாது.

நாகலூர்ப் பெண்

அக்கா, வைத்திருக்கிறேன். 24 கேள்விக்கும் விடை கொடுத்திருக்கிறேன். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்வு செய்யும் கேள்விகள் 20, அவற்றில் 8 சரி, 12 தவறு. நாமே தட்டச்சு செய்யும் கேள்விகள் 4, அவற்றில் 1 சரி, 3 தவறு.

தறிவீடு

நினைத்தது சரியாக இருந்தது. நீ கணக்குக்காரி, கணக்காகவே பார்ப்போம்.

சரியான விடைக்கு 3 மதிப்பெண். தேர்வு செய்யும் வகையில் தவறுக்கு 1 குறையும். தட்டச்சு வகையில் தவறுக்குக் குறைப்பு இல்லை. 9 சரி என்றால் 27. அதில் 12 தவறுக்கு 12 போனது. கையில் நின்றது 15. நீ சம்பாதித்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான அளவைத் திருப்பிக் கொடுத்திருக்கிறாய்.

அதே ஆங்கில அறிவோடு இன்னொரு விதமாக எழுதியதாக வைத்துக்கொள். நான்கு பகுதிகளில் கடினமான ஒன்றைத் தொடவே இல்லை. மற்ற மூன்றுக்கும் அந்த நேரத்தைப் பிரித்துக் கொடுத்து 12 கேள்விகளில் 9 சரி, 3 தவறு. அங்கே 24. தேர்வு செய்யும் வகையில் மீதி நான்கில் 2 சரி, 2 தவறு, அதில் 4. தட்டச்சு வகையில் இப்போது போலவே 1 சரி, அதில் 3. மொத்தம் 31. சரியான விடைகள் ஒன்பதிலிருந்து பன்னிரண்டுதான் ஆகியிருக்கின்றன, மதிப்பெண்ணோ இரட்டிப்பைத் தாண்டிவிட்டது. உன் நவம்பர் இங்கேதான் இருக்கிறது.

ஊகித்து விடை போடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் நீண்ட ஓட்டத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இரண்டு விடைகளை உறுதியாக நீக்க முடிந்தால் சராசரியாக ஒரு மதிப்பெண் லாபம், அப்போது தயங்காதே. ஆனால் நீ கண்ணை மூடிக்கொண்டு போடவில்லை. அவசரமாகப் படித்து, பார்க்க அழகாக இருந்த விடையில் விழுந்திருக்கிறாய். அந்த அழகான விடைகளை வேண்டுமென்றே அப்படி எழுதி வைக்கிறார்கள்.

ஓர் உதாரணம் உன் ஊரிலிருந்தே. கட்டுரையில், நிழல் மரங்களின் கீழ் வளரும் காபித் தோட்டங்களில் பறவை வகைகள் அதிகம் காணப்படுகின்றன என்று இருக்கிறது. ஆசிரியர் எதை ஒப்புக்கொள்வார் என்பது கேள்வி. ஒரு விடை, நிழல் மரங்கள் இல்லாவிட்டால் பறவைகள் அழிந்துவிடும் என்கிறது. தோட்டத்துப் பெண் நீ, உனக்கு அது உண்மையாகவே படும். ஆனால் ஆசிரியர் அழிவைப் பற்றிப் பேசவில்லை. இன்னொன்று, காபி விலைக்கும் பறவைகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று கட்டுரையில் இல்லாத சரக்கைக் கொண்டுவரும். மூன்றாவது, முதல் பாதி சரியாக இருந்து கடைசி நான்கு சொற்களில் தடம் மாறும். மீதி இருப்பது மங்கலான, அடக்கமான ஒரு வாக்கியம்: விவசாயம் நடக்கும் நிலத்திலும் பறவைகளுக்கு இடம் இருக்க முடியும். அதுதான் விடை. ‘ஒன்லி’, ‘ஆல்வேஸ்’ போன்ற கனமான சொல் இருந்தால் ஒரு முறைக்கு இரு முறை பார்.

பயிற்சிக்கு நான் செய்ததைச் சொல்கிறேன், இதைத்தான் மிகவும் நம்புகிறேன். ஒவ்வொரு பத்தியையும் படித்து முடித்ததும் ஆங்கிலத்தை மூடிவிட்டு, ஆசிரியர் என்ன சொல்கிறார் என்று தமிழில் ஒரே வரி எழுது. மொழிபெயர்க்க வேண்டாம். ‘முதலில் எல்லோரும் நம்புவதைச் சொல்கிறார், இங்கே அதை மறுக்கிறார்’ என்ற அளவில் போதும். தமிழில் எழுத வராவிட்டால் பத்தி புரியவில்லை என்று பொருள், திரும்பப் படி. தமிழ் வழியில் படித்தது நமக்குக் குறை என்று நினைக்காதே, வாதத்தைப் பிடித்து நிறுத்த நமக்கென்று ஒரு மொழி இருக்கிறது. சில வாரங்களில் எழுதாமலேயே மனதில் அந்த வரி ஓடும்.

படிப்பதற்கு ஏயான் என்ற இணைய இதழ் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் வந்த கட்டுரைகளைக் கேட் தேர்வில் எடுத்திருக்கிறார்கள். தத்துவம், சூழலியல், வரலாறு என்று உனக்குப் பிடிக்காத தலைப்பையே எடு. அதோடு பழைய கேட் வினாத்தாள்கள். ஒவ்வொரு தவறான விடைக்கும் பக்கத்தில், நான் ஏன் இதில் விழுந்தேன் என்று ஒரு வரி. அந்தக் குறிப்பேடு எந்தப் பயிற்சி மையமும் தர முடியாத புத்தகம்.

அஸ்தம்பட்டி கணக்கு ஆசிரியர்

கண்ணு, பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான். மேலே அந்தப் பெண் சொன்னதை அப்படியே பின்பற்று. நான் சேர்ப்பது ஒன்றுதான்: ஆங்கிலத்தைத் தூக்கும் அவசரத்தில் கணக்கைக் கைவிட்டுவிடாதே. 90 என்பது தானாக நிற்காது. சதவீதம், விகிதம், நேரமும் தூரமும், இருபடிச் சமன்பாடு, மடக்கை இவற்றில் வாரம் இரண்டு மாலை போதும். 22 கேள்விகளும் போட வேண்டியதில்லை.

தர்க்கப் பிரிவிலும் 22 கேள்விகள். அவை தனித்தனியாக வருவதில்லை, தொகுதிகளாக வருகின்றன. முதல் நான்கைந்து நிமிடம் பேனாவைத் தொடாமல் எல்லாத் தொகுதிகளையும் படித்து, எதை எடுப்பது என்று முடிவு செய். பிடிவாதம் பிடித்து ஒரே தொகுதியில் இருபது நிமிடம் செலவிடும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பத்து நிமிடத்தில் அட்டவணை பாதிகூட நிரம்பவில்லை என்றால் அந்தத் தொகுதியை விட்டு வெளியே வா.

நாகலூர்ப் பெண்

அக்கா, ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. நேற்று இரவு என் வினாத்தாளை எடுத்துத் தமிழில் வரி எழுதிப் பார்த்தேன். ஒரு பகுதியில் மூன்றாம் பத்திக்கு எனக்கு எதுவும் எழுதவே வரவில்லை. அந்தப் பகுதியில் வந்த கேள்விகள் எல்லாமே தவறாகியிருக்கின்றன. நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று மட்டும் சொல்லுங்கள்.

தறிவீடு

பார்த்தாயா, நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது.

பஸ் நேரத்தை விட்டுவிடு. அது உன் ஓய்வு. மனம் இருந்தால் காதில் ஆங்கில வானொலி உரை கேள், இல்லாவிட்டால் தூங்கு. அலுவலகம் திறப்பதற்கு முன்போ மதிய உணவுக்குப் பிறகோ ஒரு கட்டுரை, இரவு ஒரு வாசிப்புப் பகுதி. அவ்வளவுதான் வார நாட்களில் முடியும், அது போதும். 11, 20 தேதிகளுக்கு முன்னால் இரண்டு நாள் படிப்பே வேண்டாம் என்று நீயே விடுமுறை போட்டுக்கொள். திட்டத்திலேயே விடுமுறை இருந்தால் மனம் உடையாது.

ஆங்கிலத்தின் பெரும்பகுதியை ஜூன் மாதத்துக்குள் முடி. ஜூலையில் வேலை நெருக்கும். ஆகஸ்டில் முழு மாதிரித் தேர்வுகளை ஆரம்பி. செப்டம்பர், அக்டோபரில் புதிதாக எதையும் தொடாதே, இருப்பதைக் காப்பாற்று. அக்டோபர் முடிந்ததும் கிடைக்கும் நான்கு வாரத்துக்கு அலுவலகத்தில் இப்போதே பேசி விடுப்பு கேள். தோட்டத்திலும் அப்பாவிடம் பேசு, அந்த நான்கு ஞாயிறுகளுக்கு மட்டும் கூலிக்கு ஓர் ஆள் வைக்க முடியுமா என்று. கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும். கேள்.

மாதிரித் தேர்வு எழுத இரண்டு மணி நேரம் என்றால், அதை அலச நான்கு மணி நேரம் கொடு. அலசாத மாதிரித் தேர்வு வீண்.

ஐந்து ரோடு

நானும் ஒத்துக்கொள்கிறேன், அந்த 31 கணக்கு எனக்கும் புதிது. என் பங்குக்கு இரண்டு விஷயங்கள் சொல்கிறேன். சகோதரி ஓபிசி பிரிவில் வருவதாக இருந்தால், தமிழக அரசின் பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் ஐஐஎம்முக்குப் போதாது. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும். மத்திய அரசு வடிவத்தில், வருமான வரம்புக்கு உட்பட்டவர் என்ற ஓபிசி சான்றிதழ் வாங்க வேண்டும். ஏப்ரலுக்குப் பிறகு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். பழங்குடியினர் என்றால் அந்தச் சான்றிதழை இப்போதே எடுத்துப் பார்த்து, பெயரின் எழுத்துக்கள் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். அழைப்புக்கான குறைந்தபட்ச பெர்சென்டைல் இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்குப் பிரிவு மாறும், திருச்சி ஐஐஎம் தளத்தில் உங்கள் பிரிவுக்கு என்ன என்று படித்துவிட்டு இலக்கை வையுங்கள்.

இன்னொன்று, தேர்வுக்கு முந்தைய இரவு மலையில் தங்காதீர்கள். நேரத்தை நாம் தேர்வு செய்ய முடியாது. காலை 8.30 மணித் தேர்வு விழுந்தால் அதற்கும் வெகு முன்பே மையத்தில் இருக்க வேண்டும். நவம்பர் கடைசி மழைக்காலம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது நினைவிருக்கும்.

நாகலூர்ப் பெண்

சூரமங்கலத்தில் சித்தி வீடு இருக்கிறது அண்ணா, முந்தைய நாளே இறங்கிவிடுகிறேன். ஓபிசி சான்றிதழுக்கு ஏப்ரலில் விண்ணப்பிக்கிறேன். அக்கா, ஒரே ஒரு சந்தேகம். நான்கு பகுதிகளில் எதை விடுவது என்று எத்தனை நிமிடத்தில் முடிவு செய்வது?

தறிவீடு

இரண்டு நிமிடத்துக்கு மேல் எடுக்காதே. ஒவ்வொன்றிலும் முதல் பத்தியை மட்டும் படி. தமிழில் ஒரு வரி மனதில் வந்தால் அது உன் பகுதி. வராத ஒன்றைக் கடைசிக்குத் தள்ளு, நேரம் மிஞ்சினால் பார்க்கலாம். தலைப்பு தெரிந்ததா, பிடித்ததா என்று பார்க்காதே, வாக்கியங்கள் நேராக இருக்கின்றனவா என்று பார். பொருளாதாரம் என்று ஆசையாக எடுத்து மாட்டிக்கொண்ட வணிகவியல் மாணவர்கள் நிறைய உண்டு. அடுத்த மாதிரித் தேர்வு எழுதியதும் அந்த நான்கு எண்களை இங்கேயே போடு: தொட்டது, சரி, தவறு, விட்டது.