சம்பளம் ஏற்றியும் பிள்ளைகள் நிற்கவில்லையே, ஏன்?

மஞ்சக்குப்பம் சிஸ்டர்:
கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மெடிக்கல் வார்டு இன்சார்ஜாக இருக்கிறேன். தீபாவளிக்கு எல்லோருக்கும் சம்பளம் ஏற்றினார்கள். பொங்கலுக்குள் மூன்று ஸ்டாஃப் நர்ஸ் ரிசைன் செய்துவிட்டுப் பாண்டிக்குப் போய்விட்டார்கள். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை" என்கிறது மேனேஜ்மென்ட். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நைட் பார்த்த பெண்ணை, காலையில் மாற்றிவிட வேண்டிய ரிலீவர் வரவில்லை என்று மதியம் வரை நிறுத்தி வைக்கிறோம். அடுத்து வருபவருக்கான ஹேண்ட்ஓவர் நோட்டை எட்டு மணிக்கே எழுதி முடித்துவிட்டு லிஃப்ட் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், நோயாளிகள் முன்னாலேயே அவளைத் திட்டிவிட்டுப் போவார். கூடுதலாக ஆள் எடுப்பது என் கையில் இல்லை. நான் என்ன செய்யலாம்?

வில்லியனூர் ஹெச்.ஆர்.:
மேயர், ஆலன் என்ற இருவர் 1991இல் எழுதியதை எம்.பி.ஏ.வில் படித்தேன். ஒருவர் வேலையில் நிற்பதற்கு மூன்று காரணம் உண்டாம்: பிடித்துப்போய் நிற்பது, விட்டால் நஷ்டம் என்று நிற்பது, விட்டுப் போவது நியாயமில்லை என்று நிற்பது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் பூட்டிவைக்கிறார்களே, அது இரண்டாவது வகை. சர்டிபிகேட் கைக்கு வந்தால் மறுநாளே ரிசைன் லெட்டரும் வரும். பார்த்துச் சலித்துவிட்டது!

ரிட்டயர்டு நர்ஸ்:
சம்பளத்தைச் சும்மா தள்ளிவிடாதே தங்கச்சி. உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016இலேயே பரிந்துரை கொடுத்தது. 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரி என்றால் அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம். 50 படுக்கைக்குக் குறைவான இடத்தில்கூட 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது. தீபாவளிக்கு ஏற்றினார்களே, அந்த 20,000 வந்ததா? வரவில்லை என்றால் விசுவாசத்தைப் பற்றிப் பேச அவர்களுக்கு வாயே இல்லை.

லேப் தம்பி:
அக்கா, எங்கள் லேபில் டியூட்டி போடும் ரோஸ்டரிலேயே தினம் ஒருவரை ஸ்டாண்ட்பை என்று எழுதிப் போடுவோம். ரிலீவர் வராவிட்டால் அவருக்குத்தான் போன். வந்து பார்த்தவருக்கு அந்த வாரத்திலேயே ஒரு ஆஃப். யாரைக் கூப்பிடுவது என்று காலையில் தேட வேண்டியதில்லை.

மஞ்சக்குப்பம் சிஸ்டர்:
20,000 பக்கத்தில்கூட வரவில்லை அக்கா. அதை நான் தனியாகக் கேட்டால் எடுபடாது, மற்ற இன்சார்ஜ்களிடமும் பேச வேண்டும். தம்பி, ஸ்டாண்ட்பை யோசனை நல்லது. ரோஸ்டர் போடுவது நான்தான், அடுத்த மாதமே போட்டுவிடலாம். ஆனால் அந்த ஆஃபுக்கு, நர்ஸுகளுக்கெல்லாம் தலைமையான மேட்ரன் கையெழுத்து வேண்டும். உங்கள் இடத்தில் அதை எப்படி வாங்கினீர்கள்?