பதில்: லீட் வோக்கலிஸ்ட், கெஸ்ட் வோக்கலிஸ்ட் - தமிழ்ல என்ன சொல்லலாம்?

> லீட் வோக்கலிஸ்டுக்கு முன்னணிப் பாடகர்னே வச்சுடலாமே தம்பி, எதுக்கு புதுசா ஒண்ணு?

அக்கா, பேண்டுல முக்கியமா பாடற லீட் வோக்கலிஸ்டுக்கு நான் முறைக்குரல்னு ஒரு சொல் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. முன்னணிப் பாடகர்னு படிச்சா நம்ம ஆளுங்களுக்கு முன்னணி நடிகர் மாதிரி மார்க்கெட்ல மேல இருக்கறவர்னுதான் தோணும். தலைமைப் பாடகர்னு போடலாம்னா அதுவும் உதைக்குது. நான் எழுதிட்டு இருக்கற கட்டுரை பெல்ஜியத்து பேண்ட் ஹூவர்ஃபோனிக் பத்தி, அங்க தலைமை பாடறவங்ககிட்ட இல்லவே இல்ல, பேஸ் வாசிக்கற அலெக்ஸ் கால்யேகிட்டதான் இருக்கு, பெரும்பாலான பாட்டு அவர் எழுதறதுதான். அவரும் கிட்டார் ரேமண்ட் கேர்ட்ஸும் 1995ல இருந்து நகரல, பாடற ஆள்தான் மாறிக்கிட்டே வர்றாங்க. (மொதல்ல பேரு வெறும் ஹூவர், அது வேக்யூம் கிளீனர் கம்பெனி பேரா இருந்ததால ஃபோனிக் ஒட்டிக்கிச்சு.)

1996ல மொத ஆல்பம், பாடினது லீஷ்யே சடோனியஸ். அவங்க சீக்கிரமே விலகிட்டாங்க, டீன் ஏஜ்ல இருந்த கெய்க்கே ஆர்னார்ட் வந்து பத்து வருஷத்துக்கு மேல பாடினாங்க, உலகத்துக்கு ஹூவர்ஃபோனிக்னா அந்தக் குரல்தான். 2008ல அவங்களும் தனியா பாடப் போனாங்க. 2010ல நோயெமி வோல்ஃப்ஸ், 2018 ஆல்பத்துல லூக்கா குரோய்ஸ்பெர்க்ஸ், 2020 கடைசில மறுபடி கெய்க்கேவே திரும்பி வந்து 2021ல ராட்டர்டாம் யூரோவிஷன் பாட்டுப் போட்டில பாடினாங்க, 19ஆவது இடம்.

இத இங்கிலீஷ்ல சொல்றப்ப இங்கிலாந்துல பிரிஸ்டல் நகரத்து பேண்ட் மாஸிவ் அட்டாக்கையும் சேத்து ஒரே மூட்டையா கட்டிடறாங்க, ரெண்டுமே பாடகர் மாறற ட்ரிப் ஹாப் (ஹிப் ஹாப் தாளமும் எலக்ட்ரானிக் இசையும் மெதுவா கலந்தது) பேண்டுன்னு. ஆனா பிரிஸ்டல்ல நடந்தது வேற கதை. அங்க லீட் பாடகருக்குன்னு ஒரு நாற்காலியே கிடையாது. 1991 ஆல்பத்துல ஷாரா நெல்சன், 1994ல ட்ரேசி தார்ன், 1998ல எலிசபெத் ஃப்ரேசர், ஒவ்வொருத்தரும் ஒரு சில பாட்டுக்கு வந்து போனவங்க, பக்கத்துப் பாட்டுல வேற ஒருத்தர் குரல் இருக்கும். ஹூவர்ஃபோனிக்ல ஒரு நேரத்துல ஒரே ஆள், அவங்க எழுந்தாதான் அடுத்தவங்க உக்கார முடியும். இந்த வித்தியாசத்த தமிழ்ல ரெண்டு சொல்லா பிரிச்சு வச்சுட்டா நாம இங்கிலீஷ விடத் தெளிவா எழுதலாம், அதுக்காகத்தான் இவ்வளவு மன்னாடறேன்.

> முறைக்குரல்னா முறைப்பெண், முறைமாமன் ஞாபகம்தான் வருது.

வரும்தான். ஆனா முறைப்பாசனம்னு பேப்பர்ல படிக்கறப்ப யாருக்கும் கல்யாணம் ஞாபகம் வர்றதில்லையே. அணை அதேதான், தண்ணி அதேதான், இந்த வாரம் இந்த வாய்க்கா, அடுத்த வாரம் அந்த வாய்க்கா. கோயில்லயும் இந்த மாசம் யார் முறைன்னுதான கேக்கறோம். முறை முடிஞ்சவங்க திரும்ப வரலாம்ங்கறதும் அதுலயே அடங்கிடுது, கெய்க்கே திரும்பி வந்தத முன்னாள் பாடகி, இந்நாள் பாடகின்னு குழப்பாம "கெய்க்கேவோட ரெண்டாவது முறை"ன்னு எழுதிடலாம்.

இந்தச் சொல் மேல எனக்கு நம்பிக்கை வந்தது ஒரு பாட்டால. "மேட் அபவுட் யூ" 2000ல கெய்க்கே பாடினது, 2012ல ஆர்கெஸ்ட்ராவோட நோயெமி பாடினது, ரெண்டையும் ஹெட்ஃபோன்ல அடுத்தடுத்து கேளுங்க. மெட்டு மாறல. கெய்க்கே எட்ட நின்னு, பாட்டு தனக்கு நடக்காத மாதிரி குளிர்ச்சியா பாடறாங்க, வயலின்தான் அவங்களுக்காகத் தவிக்குது. நோயெமி குரல்ல ஒரு கனம் இருக்கு, பாட்டோட வருத்தத்த அவங்களே தூக்கிக்கறாங்க. முறை மாறினதும் தண்ணியோட நெறமே மாறிடுச்சு.

> கெஸ்டுக்கு விருந்துக்குரல் போதுமே, தொல்காப்பியத்துலயே விருந்துன்னா புதுசுதான்.

ஆசையாதான் இருக்கு அக்கா, ஆனா ஹோரஸ் ஆண்டிகிட்ட வந்து இடிக்குது. ஜமைக்காக்காரர், ரெகே பாடகர், மாஸிவ் அட்டாக்கோட 1991ல இருந்து 2010 வரைக்கும் வந்த அஞ்சு ஸ்டுடியோ ஆல்பத்துலயும் அவர் குரல் இருக்கு. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்ற ஊர்ல இருபது வருஷம் வந்து போனவர எப்படி விருந்துன்னு சொல்றது? அதனால வருகைக்குரல்னு வைக்கலாம், வருகைதரு பேராசிரியர்ல இருந்து எடுத்தேன், ஒரு தடவை வந்தாலும் அஞ்சு தடவை வந்தாலும் தாங்கும். 2015ல நோயெமி போனதும் ஹூவர்ஃபோனிக்கே 2016 ஆல்பத்த பல பேர வச்சுப் பண்ணினாங்க இல்லையா, அத இப்ப ஒரே வரில எழுதிடலாம்: "ஒரு ஆல்பத்துக்கு மட்டும் முறைக்குரல விட்டு வருகைக்குரலுக்குப் போய், 2018ல மறுபடி முறைக்குரலுக்குத் திரும்பினார்கள்."

பாடகர்னு முடிக்காம குரல்னு முடிச்சதும் வேணும்னுதான். ட்ரிக்கிங்கற ராப்பர் மாஸிவ் அட்டாக்ல பண்ணினது பாட்டே இல்ல, காதுகிட்ட வந்து முணுமுணுக்கற ராப். அப்புறம் லீட் குரலுக்குப் பின்னாடி துணையா பாடற பேக்கிங் வோக்கல்ஸ்: பலகுரல் மிமிக்ரிக்குப் போயிடுச்சு, பின்னணி சினிமாவுக்குப் போயிடுச்சு, அதனால இதுக்கு கூத்துல சொல்ற பின்பாட்டையே எடுத்துக்கலாம்னு நினைக்கறேன். கூத்துல பின்பாட்டுக்காரங்க வரிய திருப்பிப் பாடறதுதான் அதிகம், சும்மா ஆ...ன்னு இழுக்கறதுக்கும் அந்தச் சொல் பொருந்துமா? கூத்து, வில்லுப்பாட்டு பழக்கம் இருக்கறவங்க யாராவது சொல்லுங்க, அத மட்டும் இன்னும் பட்டியல்ல ஏத்தல.