பன்னிரண்டு கணினி, மூன்று உரிமம்: முதலாளிக்கு என்ன பதில் சொல்வது?

எடைமேடைக் கிராணி:
மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தையில் செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலை ஏற்றும் லாரி நிறுவனம் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். (பெயர்ப்பலகை 2007 முதல் பெஸ்தாரி ஜெயா என்கிறது. எங்கள் வாய்க்குத்தான் இன்னும் பழகவில்லை.) கணினி கொஞ்சம் தெரியும் என்று ஒரு நாள் வாய்விட்டுவிட்டேன், அன்றிலிருந்து அந்த வேலையும் என் தலையில். மொத்தம் 12 கணினிகள். மூன்றில் மட்டும் காசு கொடுத்து வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆபிஸ் 2016. மற்ற ஒன்பதிலும் முன்பிருந்த கணினிக்காரர் எதையோ போட்டுவிட்டுப் போய்விட்டார். 2016 பதிப்புக்கு 2025 அக்டோபர் 14-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. முதலாளியிடம் சொன்னேன். "இன்றைக்குத் திறக்கிறதா? திறக்கிறது. பிறகென்ன?" என்கிறார். மாதச் சந்தாவா, ஒரே தடவை வாங்குவதா, அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸா? உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கைவண்டி:
சந்தா வேண்டாம் தம்பி. கூட்டு (சீட்டு) கட்டினால்கூட ஒரு மாதம் நம் முறை வரும், மொத்தமாகக் கையில் பணம் பார்க்கலாம். இதில் கட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கட்டுவதை நிறுத்தினால் சில நாள் கழித்துக் கோப்பைத் திறந்து பார்க்கலாம், அச்சடிக்கலாம், திருத்த முடியாது. நிறுவனங்களுக்கென்று ஆபிஸ் எல்டிஎஸ்சி 2024 இருக்கிறது. ஒரே விலை, கணினிக்கு ஓர் உரிமம், 2029 அக்டோபர் வரை திருத்தங்கள் வரும். உரமூட்டைக் கணக்குக்கு இது தாராளம்.

கிள்ளான் ஆறு:
அண்ணன் 2029 வரை என்று சொன்னார், 2029-இல் மறுபடியும் முழு விலை என்பதை விழுங்கிவிட்டார். மைக்ரோசாஃப்ட் 365 என்ற சந்தாவில் உரிமம் ஆளுக்குத்தான், கணினிக்கு அல்ல. ஒருவர் ஐந்து கணினி, ஐந்து டேப்லெட், ஐந்து கைப்பேசி வரை போட்டுக்கொள்ளலாம். கங்காணி தோட்டத்தில் நின்றபடியே குலைக் கணக்கைத் திருத்துவார். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அதே உரிமத்தை அடுத்து வருபவருக்கு மாற்றலாம். ஒன்றில் மட்டும் கவனம்: விற்பவர் மலிவாக பிசினஸ் பேசிக் என்ற சந்தாவை நீட்டினால் தலையாட்டிவிடாதீர்கள். அதில் கணினியில் நிறுவும் எக்செல் இல்லை. உலாவியிலும் கைப்பேசியிலும்தான் ஓடும்.

ஒட்டுப்பால்:
எந்தக் கடையில் வாங்குவது என்று இருவரும் சண்டை போடுகிறீர்கள். வாங்கத்தான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை. லிப்ரே ஆபிஸ் 12 கணினிக்கும் ஒரே விலை, சுழியம். யாரும் வந்து எண்ணிப் பார்க்க மாட்டார்கள். நம் அரசாங்கமே 2004-இல் பொதுத்துறைக்குத் திறந்தமூல மென்பொருள் (நிரலை எல்லோருக்கும் திறந்து வைக்கும் லிப்ரே போன்றவை) பெருந்திட்டம் போட்டது.

கைவண்டி:
திட்டம் போட்டது சரி ஐயா. இன்று எந்த அலுவலகம் உங்களுக்கு லிப்ரேயின் சொந்த வடிவமான ஓடிஎஃப் கோப்பு அனுப்புகிறது? எனக்குத் தோட்டத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் வருவதெல்லாம் எக்செல்.

ஒட்டுப்பால்:
எக்செல் கோப்பை லிப்ரே திறக்கும், திருப்பி எக்செல்லாகவே சேமிக்கும். பத்து வருடமாகக் கோயில் கணக்கை அதில்தான் எழுதுகிறேன். தணிக்கையாளர் ஒரு நாளும் கேள்வி கேட்டதில்லை.

பச்சைத் தொப்பி:
எதற்கு இத்தனை பேச்சு? இணையக் கடையில் 25 ரிங்கிட்டுக்குச் சாவி எண் விற்கிறார்கள். பன்னிரண்டு வாங்கினால் முடிந்தது.

கிள்ளான் ஆறு:
நானும் ஒரு வாடிக்கையாளருக்கு அப்படி வாங்கினேன், வெட்கத்தோடு சொல்கிறேன். நான்காம் மாதம் மேல்பட்டை சிவப்பாகி, உரிமமற்ற தயாரிப்பு என்று வந்தது. கடையைத் தேடினால் கடையே இல்லை. பெரும்பாலும் யாரோ ஒரு நிறுவனத்துக்கோ கல்லூரிக்கோ மொத்தமாகக் கொடுத்த எண்ணைத்தான் பிரித்து விற்கிறார்கள். கேஎம்எஸ் என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. அது உண்மையான முறைதான். நிறுவனம் தன் வழங்கியையே வைத்து, ஆபிஸுக்குக் குறைந்தது ஐந்து கணினிகள் அதைத் தொடர்புகொண்ட பிறகுதான் உரிமம் தரும். அதுவும் 180 நாளுக்கு, இடையிடையே தானே புதுப்பித்துக்கொள்ளும். ஊர்பேர் தெரியாத வழங்கியோடு உங்கள் சம்பளக் கணினியை இணைப்பது வேறு கதை.

ஒட்டுப்பால்:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1987 பதிப்புரிமைச் சட்டம், 41-ஆம் பிரிவு: ஒவ்வொரு திருட்டுப் படிக்கும் 2,000 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். மூன்று படி வைத்திருந்தாலே சொந்த உபயோகத்துக்கு அல்ல என்று அனுமானிப்பார்கள். கிராணியிடம் ஒன்பது இருக்கின்றன. குறைந்தபட்சமே 18,000. முதலாளியிடம் பாதுகாப்புத் திருத்தம் என்று பேசாதீர்கள், அவருக்குப் புரியாது. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மேசையில் வையுங்கள்.

எடைமேடைக் கிராணி:
வைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் முறை படித்தார். "விலை கேட்டுச் சொல்" என்றார். அதுவே பெரிது.

பிறகு ஒட்டுப்பால் ஐயா சொன்னபடி ஒரு கணினியில் லிப்ரே போட்டுப் பார்த்தேன். கடிதம், லாரி அட்டவணை, டீசல் பதிவு எல்லாம் அப்படியே திறந்தன. எடைச்சீட்டுக் கோப்பில்தான் மாட்டினேன். லாரி எண்ணையும் முதல் எடை, காலி எடையையும் தட்டி, பச்சைப் பொத்தானை அழுத்தினால் சீட்டு அச்சாகும். முன்பிருந்தவர் மேக்ரோவில் (எக்செல்லுக்குள் ஓடும் சிறு நிரல்) எழுதி வைத்தது. லிப்ரேயில் பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் சத்தமே இல்லை. வெளியே மூன்று லாரி நின்றன. ஓட்டுநர் ஒருவர் சன்னல் வழியே தலையை நீட்டி, "என்ன தம்பி, மின்சாரம் இல்லையா?" என்று கேட்டார்.

கைவண்டி:
நான் சொன்னேனே.

ஒட்டுப்பால்:
நீங்கள் சொன்னது எக்செல் கோப்பு, மேக்ரோ அல்ல. மேக்ரோவை லிப்ரே ஓரளவுதான் புரிந்துகொள்ளும், ஒப்புக்கொள்கிறேன். ஒரு பொத்தானுக்காகப் பன்னிரண்டு கணினிக்கும் காசு கட்டுவது நியாயமா?

கிள்ளான் ஆறு:
இது நல்ல கேள்வி. தம்பி, அந்த எடைமேடைக் கணினியில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்?

எடைமேடைக் கிராணி:
காலை, மாலை, ஞாயிறு மாற்று ஆள். மூன்று பேர்.

கிள்ளான் ஆறு:
அப்படியானால் அங்கே என் கட்சி தோற்றது. சந்தாவில் மூன்று பேருக்கும் மூன்று உரிமம் வேண்டும். அதோடு பலர் பகிரும் கணினிக்கான உரிம முறை, கணினியில் எக்செல் நிறுவும் பிசினஸ் ஸ்டாண்டர்ட் சந்தாவில் கிடையாது, அதைவிட விலை கூடிய பிசினஸ் பிரீமியத்தில்தான். எல்டிஎஸ்சி என்றால் ஒரு கணினி, ஒரே உரிமம். ஆனால் மேலாளர் அலுவலகக் கணினி, மடிக்கணினி, கைப்பேசி மூன்றையும் வைத்துக்கொண்டு அலைகிறாரே, அவருக்குச் சந்தாதான்.

கைவண்டி:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இத்தனை தட்டச்சு செய்திருக்க மாட்டேன். மேலாளருக்குச் சந்தா என்பதை மட்டும் இன்னும் ஒப்பவில்லை. கைப்பேசியில் அவர் எக்செல் திறந்து நான் பார்த்ததில்லை, வாட்ஸ்அப்தான் பார்த்திருக்கிறேன்.

எடைமேடைக் கிராணி:
எண்ணிப் பார்த்தேன். மேக்ரோ ஓட வேண்டியவை எடைமேடையும் சம்பள மேசை இரண்டும். மேலாளர் ஒருவர். மீதி எட்டுக் கணினிக்கும் லிப்ரே போதும். நிறுவுவது எப்படி? எங்கள் இணையம் பிற்பகல் இடி இடித்தால் படுத்துவிடும்.

கிள்ளான் ஆறு:
ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாக இறக்காதீர்கள். மைக்ரோசாஃப்டின் ஆபிஸ் டிப்ளாய்மென்ட் டூல் இலவசம். அதோடு சிறு அமைப்புக் கோப்பு ஒன்றை எழுத வேண்டும்: எந்தப் பதிப்பு, எந்த மொழி, 32 பிட்டா 64 பிட்டா, எதெல்லாம் வேண்டாம். தேவையில்லை என்றால் அவுட்லுக்கை அதிலேயே விலக்கிவிடலாம். காலையில் ஒரே தடவை பகிர்வு அடைவுக்கு இறக்கிக்கொள்ளுங்கள். மேக்ரோ ஓடும் மூன்று கணினியும் உள் பிணையத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். பழைய ஆபிஸ் எம்எஸ்ஐ (விண்டோஸின் நிறுவல் கோப்பு) வகையாக இருந்தால் அதே கோப்பில் 'ரிமூவ் எம்எஸ்ஐ' என்று ஒரு வரி சேருங்கள், தானே நீக்கிவிடும். லிப்ரேயும் எம்எஸ்ஐ கோப்பாகக் கிடைக்கிறது, டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரே வழங்கியிலிருந்து நிர்வகிக்கும் ஏற்பாடு) இருந்தால், அதன் குரூப் பாலிசி வழியாக எட்டுக்கும் தள்ளிவிடலாம்.

எடைமேடைக் கிராணி:
டொமைனா? எங்களிடம் இருப்பது ஒரு ரவுட்டரும் தூசி படிந்த ஒரு ஸ்விட்சும்.

ஒட்டுப்பால்:
அப்படியானால் எட்டையும் கையால் போடுங்கள், அரை நாள் வேலை. போடும்போதே கோப்பைச் சேமிக்கும் வடிவத்தை எக்செல் என்று மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை ஆலையிலிருந்து, கோப்பு திறக்கவில்லை என்று தொலைபேசி வரும், கைவண்டி மறுபடியும் "நான் சொன்னேனே" என்பார்.

எடைமேடைக் கிராணி:
ஞாயிறு லாரி குறைவு. அன்றைக்கே தொடங்குகிறேன். ஒன்று கேட்க மறந்துவிட்டேன்: முதலாளி மகளின் மடிக்கணினியில் ஹோம் அண்ட் ஸ்டூடன்ட் 2021 இருக்கிறதாம். "சம்பள மேசை ஒன்றுக்கு அதையே கொண்டுவந்து வைத்தால் என்ன?" என்கிறார்.

கைவண்டி:
அந்தப் பதிப்பை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது, தம்பி. ஐயா எழுதச் சொன்ன அந்த அபராதத் தாள் இன்னும் மேசையில் இருக்கிறதா?