பழைய பிபிஎக்ஸோடை கணினியைக் கொழுவ எந்த ஐஎஸ்டிஎன் கார்ட்?

ஆனைப்பந்தி:
வணக்கம். ஜெர்மனியிலை இருந்து வந்த பழைய ஐஎஸ்டிஎன் (டிஜிட்டல் ரெலிபோன் லைன்) பிபிஎக்ஸ், அதாவது அலுவலகத்துக்குள்ளை வைக்கிற ரெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒண்டு இஞ்சை யாழ்ப்பாணத்திலை ஒரு அலுவலகத்துக்குப் போடுறம். வாற அழைப்பை லினக்ஸ் கணினி எடுத்து, சொல்லுறதைப் பதியவேணும். மதர்போர்டிலை பிசிஐ ஸ்லொட் ரெண்டு இருக்கு. கிடைக்கிறது மூண்டு: ஏவிஎம் ஃப்ரிட்ஸ் கார்ட் பிசிஐ, எச்எஃப்சி-எஸ் சிப் போட்ட பேரில்லாத கார்ட், சீரியல் போர்ட்டிலை கொழுவிற வெளி அடப்டர். எதை எடுக்கலாம்?

செப்புக்கம்பி:
அடப்டரை விடுங்கோ. அது தரவுக்கெண்டு செய்த சாமான், குரலைப் பதிய உதவாது. தரவுக்கும் முழு வேகம் வராது: 115200 இல் ஓடுற சீரியல் போர்ட்டாலை செக்கனுக்கு 11520 பைட் தான் போகும், ஐஎஸ்டிஎன் லைனிலை குரலும் தரவும் போற ரெண்டு பி சனலுக்கும் 16000 வேணும்.

கார்டுக்கு முதல் பிபிஎக்ஸ் போர்ட்டைப் பாருங்கோ. ‘இன்டேர்ன்’ எண்டு போட்டிருந்தால் பிபிஎக்ஸ் தான் எக்ஸ்சேஞ்ச், கணினி ஒரு ரெலிபோன் மாதிரி. ரெண்டு கார்டும் சரி. ‘எக்ஸ்டேர்ன்’ எண்டால் கணினி எக்ஸ்சேஞ்சாக நிக்கவேணும். அந்த என்டி மோட் எச்எஃப்சி-எஸ் சிப்பிலை இருக்கு, ஃப்ரிட்ஸிலை இல்லை. ஆனபடியால் என்ரை தெரிவு பேரில்லாத கார்ட் தான்.

ஆனைப்பந்தி:
நன்றி அண்ணை. பாத்தன், நாலு போர்ட்டிலை ரெண்டு இன்டேர்ன், ரெண்டு எக்ஸ்டேர்ன். வயர் என்ன மாதிரி?

செப்புக்கம்பி:
இன்டேர்னுக்குச் சாதாரண நேர் நெட்வேர்க் கேபிள் காணும். எக்ஸ்டேர்னுக்கு மாத்தி அடிக்கவேணும்: ஒரு முனையிலை 3ஆம் பின் மற்ற முனையிலை 4க்கு, 6 ஆனது 5க்கு, 4 ஆனது 3க்கு, 5 ஆனது 6க்கு. நேர் கேபிளைப் போட்டால் ரெண்டு பக்கமும் ஒரே சோடியிலை அனுப்பும், முதல் லேயரே, அதாவது வயரிலை சிக்னல் இணைப்பே, எழும்பாது. ஆக்கள் கார்ட் பழுது எண்டு எறியிறது கூடுதலா இதாலை தான்.

வயரின்ரை ரெண்டு முனையிலும் 3-6 பின் சோடிக்கு ஒண்டு, 4-5 சோடிக்கு ஒண்டா 100 ஓம் ரெசிஸ்டர் வேணும். சில பெட்டியிலை ஜம்பரா உள்ளுக்கே இருக்கும். கார்டையும் பிபிஎக்ஸையும் கழட்டிப்போட்டு மீட்டரிலை அளவுங்கோ, வயரின்ரை ரெண்டு முனையிலும் ரெசிஸ்டர் இருந்தால் ஒவ்வொரு சோடியும் 50 ஓம் காட்டும். கொழுவினபடி அளந்தால் ட்ரான்ஸ்போமர் சுருளின்ரை அளவு தான் வரும்.

பனங்கூடல்:
கார்டைப் போட்டவுடனை, பிசிஐ கார்டுகளைக் காட்டுற எல்எஸ்பிசிஐ கட்டளையை -n போட்டு அடிச்சுப் பாருங்கோ. கார்டின்ரை ஐடி 1397 எண்டு தொடங்கினால் அது எச்எஃப்சி-எஸ் செய்யிற கோலோன் சிப் கம்பனியின்ரை தான். ட்ரைவர் எம்ஐஎஸ்டிஎன், லினக்ஸ் 2.6.27 தொடக்கம் கேர்னலோடையே வருது. பழைய வழிகாட்டியளிலை ஹைசாக்ஸ் எண்ட பழைய ட்ரைவர் கிடக்கும், அது கேர்னல் 5.3 இலை எடுபட்டுப் போச்சு, தேடி மினக்கெடவேண்டாம்.

அமெரிக்காவிலை இருந்து ஆரும் கார்ட் தந்தால் கவனம். அங்கத்தையான் கனக்க யூ இடைமுகம், ரெண்டு வயர். பிபிஎக்ஸிலை இருக்கிறது நாலு வயர் எஸ்0 இடைமுகம். பிளக் உள்ளுக்குப் போனாலும் வேலை செய்யாது.